நாலாவது சாவி

பாலக்கோடு
12.2.1985

அன்புள்ள குப்புராஜ்,

நேற்று மாலை எங்கள் வீட்டில் ஒரு முக்கியத் தீர்மானம் நிறைவேறியது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பீரோ மேல் இருந்த தகரப் பெட்டி, கட்டிலுக்கு அடியில் இறக்கப்படும். ரோசம்மாள் எதிர்த்தாள். எலிகள் தரையில்தான் வசிக்கின்றன என்பது அவள் வாதம். தகுந்த விவாதத்துக்குப் பிறகு பெட்டி இறங்கியது.

பீரோ மேல் இனி இருக்கப்போவது சவுரியப்பன் அண்ணனின் பேஸ் கிட்டார். ஆம், கிடைத்துவிட்டது! வெள்ளைக்காரச் சாமியார் அவருக்குக் கொடுத்த அதே கிட்டார். சாமியாரோடு கப்பலேறிப் போய்விட்டது என்று அண்ணனே சொன்னதை நம்பி, நம் கச்சேரிக் குழு கலைந்த பிறகும் நீ பெங்களூரில் கடை கடையாகவும் நான் கோயில் கோயிலாகவும் அதுபோல் ஒன்றைத் தேடினோம். அது அவர் வீட்டுப் பரணில், தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் கோணியில் கிடந்திருக்கிறது. இரவல் கேட்போம் என்று பயந்திருக்கிறார்.

அண்ணன் போன பிறகு பரணை ஒழித்த அவர் மனைவி லூர்தம்மாள் அக்கா சொன்னது: "வெலைக்கெல்லாம் தர்றதில்லீங்க தம்பி. கல்லறைத் திருநாளன்னிக்கு அவரு குழிமேட்டுகிட்ட இதுல ஒரு பாட்டு வாசிக்கணும். வாசிக்கிறேன்னு சொல்லுங்க, எடுத்துக்கிட்டுப் போங்க."

சொன்னேன். நவம்பர் இரண்டு. கழுத்து வளைந்திருக்கிறது, தந்தி முறுக்கும் நாலு சாவியில் ஒன்று இல்லை, சத்தமும் இல்லை. மற்றபடி நன்றாக இருக்கிறது.

உன்
செபாஸ்டின்

*

பெங்களூர்
20.2.1985

என் அன்பு செபா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரேடியோ கடையை அரை நாள் மூடினேன். அண்ணன் போன துக்கம் இன்றுதான் பாதி ஆறியது.

கவனமாகக் கேள். பெயின்ட் அடிக்காதே. உப்புத்தாள் அதன் பக்கமே போகக் கூடாது. அந்தப் பழைய நிறம்தான் அதற்கு உயிர். பின்புறம், கழுத்து சேருமிடத்தில் ஒரு தகடு இருக்கும். அதிலுள்ள நம்பரை எழுதி அனுப்பு. சும்மா, ஒரு ஆசைக்குத்தான்.

கல்லறையில் கரண்டுக்கு என்ன செய்வாய் என்று கவலைப்படாதே. பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று நான் கொண்டுவருகிறேன்.

உயிருள்ளவரை உன்
குப்பு

*

பாலக்கோடு
9.4.1985

அன்புள்ள குப்பு,

நீ ஆசைப்பட்ட நம்பரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், இரண்டு முறை சரிபார்த்து.

கழுத்து நிமிர்ந்துவிட்டது. எங்கள் சர்க்கரை ஆலையில் கரும்பு அரவை முடிந்து லேத் சும்மா இருந்ததால், அங்கே கடைசல் பிடிக்கும் மாது பித்தளையில் நாலாவது சாவியைக் கடைந்து கொடுத்தார். "இதென்னங்க, நாலே கம்பி? அப்ப கத்துக்கறதும் சுளுவுங்களா?" என்று கேட்டார். சாவியின் தலையில் 'மா' என்று எழுத்தும் குத்திவிட்டார். எதற்கு என்றேன். "செஞ்சவன் பேரு வேணாங்களா?"

சத்தம் மட்டும் வரவில்லை. தந்திக்கு அடியிலுள்ள காயில், அந்தக் கம்பிச் சுருள், அறுந்திருக்கிறது. அது உன் வேலை. தக்காளி லாரியில் கிருஷ்ணப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். அடிபடாமலிருக்க ரோசம்மாள் தன் கம்பளியைச் சுற்றியிருக்கிறாள். கம்பளி திரும்பி வரவேண்டும் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன்
செபாஸ்டின்

*

பெங்களூர்
18.8.1985

என் அன்பு செபா,

மூன்று கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று கோபிக்காதே. காயில் சுற்ற மயிரிழைபோல் ஒரு கம்பி வேண்டும், பம்பாயிலிருந்து வரவேண்டியிருக்கிறது. கிட்டார் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பத்திரமாக இருக்கிறது. தினமும் தூசி தட்டுகிறேன்.

தங்கச்சியின் கம்பளி அன்றே திரும்பி வந்திருக்கும். அடுத்தவர் பொருள் என்னிடம் ஒரு நாள் தங்காது, உனக்குத் தெரியும். நவம்பர் இரண்டுக்கு நானே கிட்டாரோடு வருகிறேன்.

உயிருள்ளவரை உன்
குப்பு

*

பாலக்கோடு
4.11.1985

குப்புராஜ்,

பம்பாய்க் கம்பி நன்றாக வேலை செய்கிறது. நானே கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஞாயிறு தர்மபுரியில் ஆலை அதிகாரி வீட்டுக் கல்யாணம். பெங்களூரிலிருந்து கச்சேரி. பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சத்தம் தரை வழியாக வந்து இலையிலிருந்த அப்பளம் வரை அதிர்ந்தது. ரசத்துக்கு முன்பே எழுந்து போய்ப் பார்த்தேன். நாலாவது சாவியில் 'மா'.

வாசித்தவர் மரியாதையானவர். "ஜூன் மாசம் குப்புராஜ் அண்ணங்கிட்ட வாங்கினதுங்க. நம்பரை முன்னாடியே எழுதிக் காட்டினாரு, சரியா இருந்துச்சு. இந்த ஒரு சாவிதாங்க ஒரிஜினல் இல்ல, மாத்தணும்" என்றார். மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு நானும் ரோசம்மாளும் போனோம். லூர்தம்மாள் அக்கா குழிமேட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார். வாசிப்பவர் உட்கார வீட்டிலிருந்து ஒரு நாற்காலியும் தூக்கி வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். விற்றது யார் என்று கேட்டார். சொன்னேன்.

"குப்புவா? அவரு செத்தன்னிக்கு என்னைவிட அதிகமா அழுதானேப்பா" என்றார்.

பிறகு நாற்காலியை நான்தான் அவர் வீட்டுக்குத் திரும்பத் தூக்கிப் போனேன்.

தகரப் பெட்டியை மறுபடி பீரோ மேல் ஏற்றிவிட்டோம்.

செபாஸ்டின்