சேம்சைடு கோல்

கச்சிபௌலி
பிப்ரவரி 6, 2025

அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. என் அன்பெல்லாம் அம்மாவுக்கு. போனில் நீங்கள் என்னைப் பேசவிட மாட்டீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் உள்ளூருக்குள்ளேயே ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிறேன்.

போன மேட்சில் தோற்றதற்கு டிஃபென்ஸில் நின்ற நான்தான் காரணம் என்று கோச் பேட்டி கொடுத்தார். அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம். நீங்கள் என்ன செய்தீர்கள்? ரிடையரான யூனியன்காரர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் ஃபுட்பால் கிளப் வாசலில் கேட் மீட்டிங் போட்டீர்கள். இது என்ன உங்கள் பழைய ஃபேக்டரியா? விஸ்வநாத் மாமா "ஹம்ஸினி ஜிந்தாபாத்" என்று கத்தியதைக் கேட்டு செக்யூரிட்டி வரைக்கும் சிரித்தார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொங்கலுக்கு வந்தபோது அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னதை மெகாபோனில் சொன்னீர்களே! "என் பொண்ணு வீங்கின முழங்காலோட உங்களுக்காக ஆடிண்டிருக்கா!" யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். முதலாளிகள் பார்த்தார்கள். காயத்தை மறைத்து ஆடினேன் என்று நேற்று என் கான்ட்ராக்டை ரத்து செய்துவிட்டார்கள்.

ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வர மாட்டேன். எங்கள் கோல்கீப்பர் சாஹித்யாவின் அக்கா மாதாப்பூரில் இருக்கிறாள். அங்கே போகிறேன்.

ஹம்ஸினி


மெட்டுகுடா
பிப்ரவரி 10

என் கண்ணு ஹம்ஸினிக்கு,

நீ நலமா என்று கேட்டால் இன்னும் கோபம் வரும். கேட்கவில்லை.

நான் சொன்னதில் பொய் என்ன? முழங்கால் வீங்கியிருந்ததா இல்லையா? நீ ஆடினாயா இல்லையா? உள்ளதைச் சொன்னதற்கு வேலையை விட்டுத் தூக்குவது எந்த ஊர் நியாயம்? கேட்டில் நின்று பேசித்தான் எங்கள் கான்டீனில் சாப்பிடுகிற மாதிரி இட்லி வந்தது. பேசித்தான் சஸ்பெண்ட் ஆன ராமசுவாமி திரும்ப உள்ளே போனான். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் அம்மா.

உன் ஆட்டத்தை நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். கோல் போட்டவளுக்கு மாலை, போட்டோ. கோல் விழாமல் காப்பாற்றியவளுக்கு மூட்டுவலி. பேப்பரில் உன் பெயர் வருவதே தோற்ற மறுநாள்தான். இதைப் பார்த்துக்கொண்டு வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருக்கச் சொல்கிறாயா?

உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டைக் கொண்டுவந்து 'ணங்' என்று வைக்கிறாள். நீ வந்தால்தான் பேசுவாளாம்.

உன் அப்பா,
சந்திரமோகன்


மாதாப்பூர்
பிப்ரவரி 17

அப்பாவுக்கு,

இத்தனை மேட்ச் பார்த்தும் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியவில்லை. எதிராளி பந்தோடு வரும்போது டிஃபெண்டர் உடனே பாயக் கூடாது. பின்வாங்கிக்கொண்டே அவளை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ஆத்திரத்தில் காலை நீட்டினால் தாண்டிப் போய்விடுவாள். நீங்கள் பாய்ந்தீர்கள். பந்து நம் வலைக்குள்ளேயே விழுந்தது. சேம்சைடு கோல் அப்பா.

நான் காயத்தை மறைத்தேனாம்! அந்த முழங்காலைப் பார்க்காதவர் கிளப்பில் யார்? ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டது அவர்கள் வைத்திருந்த டாக்டர். பக்கத்தில் நின்றுகொண்டு "கிசிகோ நக்கோ போல்" என்றது கோச். யாரிடமும் சொல்லாதே என்றவரே இன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

இப்போது சமாதானம் பேசுகிறார்கள். காயத்தை நானே மறைத்தேன், கோச்சுக்கும் டாக்டருக்கும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கிளப்பே ஆபரேஷன் செய்துவைக்குமாம். அடுத்த சீசனில் சேர்த்துக்கொள்ளுமாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எங்கேயும் போக வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஹம்ஸினி


மெட்டுகுடா
பிப்ரவரி 21

கண்ணு,

கையெழுத்துப் போட்டுவிடு.

நீ ஸ்கேன் எடுத்த இடத்துக்கு அம்மா போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். இன்னும் தள்ளிப்போட்டால் ஆட்டம் இருக்கட்டும், நம் வீட்டு மாடிப்படி ஏறுவதே கஷ்டம் என்றாராம். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. போடாதே என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அதெல்லாம் ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்கு. நீ என் பெண்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து கோபிக்காதே. உன் பேச்சை மீறி நேற்று உன் கோச்சைப் போய்ப் பார்த்தேன். தனியாகத்தான் போனேன். நான் பேசியது தப்பு, மன்னித்துவிடுங்கள், பெண்ணைப் பழிவாங்காதீர்கள் என்று கையைக் கூப்பினேன். டீ வரவழைத்தார். குடித்தேன்.

மெகாபோனைப் பரணில் போட்டுவிட்டேன்.

அப்பா


மாதாப்பூர்
பிப்ரவரி 26

அப்பா,

அந்த ஆளிடமா கையைக் கூப்பினீர்கள்? என் முழங்காலைக் கெடுத்தவரிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்களா? டீ வேறு குடித்தீர்களா? நீங்கள் கேட் மீட்டிங் போட்டபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். சாஹித்யா என்னவென்று கேட்டாள், சொன்னேன். சட்டையை விலக்கித் தோளைக் காட்டினாள். அவளுக்கும் சீசன் முழுக்க ஊசிதானாம். அவளிடமும் அதே வார்த்தை, "நக்கோ போல்". விசாரித்தோம். ஹர்ஷிதாவுக்கு இடுப்பில், இன்னொருத்திக்குக் கணுக்காலில். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

நான் கையெழுத்துப் போட்டால் இவர்கள் வாயையும் சேர்த்துத் தைப்பதாக ஆகும். போடவில்லை. நேற்றே கிளப்புக்குச் சொல்லிவிட்டேன். ஆபரேஷனுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்திருக்கிறேன். முறை வரும்போது வரட்டும். மறுபடி ஆட முடியுமா என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, அப்பா.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு கிளப் வாசலில் கேட் மீட்டிங். நாங்கள் நாலு பேரும் வருகிறோம். பரணிலிருந்து மெகாபோனை இறக்கிப் புது பேட்டரி போட்டுக் கொண்டுவாருங்கள். விஸ்வநாத் மாமாவும் வரலாம், ஜிந்தாபாத் மட்டும் வேண்டாம். பேசப்போவது நான். நீங்கள் எனக்குப் பின்னால் நின்றால் போதும். குறுக்கே பேசக் கூடாது. உங்களைப் பிடித்துக்கொள்ள அம்மாவையும் அழைத்து வாருங்கள்.

மறக்காமல் ஒரு நாற்காலியும் எடுத்து வாருங்கள். இந்தக் காலை வைத்துக்கொண்டு என்னால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.

அன்புள்ள,
ஹம்ஸினி