திருப்பி வைத்த வடக்கு

9 மே 1982, ஞாயிறு

காலை பத்துக்கே கூரைத் தகரம் சுடுகிறது. பிளான் முடிந்தது. கடைசிக் கோடு 11.20க்கு. மை காயும்வரை மின்விசிறி போட வேண்டாம் என்று ஆயிஷாவிடம் சொன்னேன். "அப்ப நாங்க வேகிறதா?" என்றாள். வெந்தோம்.

பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சிக் கூடம். வளாகத்தில் இன்னும் மைதானம் வெட்டவில்லை. அணியில் பாதிப்பேர் நம் ஊரும் அக்கம்பக்கமும். ஆகவே றோட்டுக்கும் கடலுக்கும் நடுவே சும்மா கிடக்கும் பொது வளவில் ஊரே கட்டிக் கொடுப்பதாகத் தீர்மானம்.

அணித்தலைவன் சிவராசா, காரைதீவு, எழுதித் தந்த பட்டியல்:
– ஈரச் சப்பாத்துத் தொங்கவிட ஒரு கம்பி
– முழங்காலுக்குத் துணி சுற்ற நீள வாங்கு ஒன்று
– தலையால் பந்தடித்துப் பழக சன்னல் இல்லாத சுவர்
– பாரம் தூக்க இடம் (பாரம் அவர்களே கொண்டுவருவார்கள், ஆலையில் கழித்த இரும்புச் சக்கரங்கள்)
– குளிக்கத் தண்ணீர். கக்கூஸ் மூன்று
கீழே பொடி எழுத்தில்: "அண்ணே, கடைசியா உள்ளத மறந்திராதீங்க. இப்ப கடற்கரைக்குத்தான் போறம். வள்ளக்காரர் கையசைக்கிறாங்க."

எல்லாம் வைத்திருக்கிறேன்; தண்ணீருக்கு வளவிலுள்ள பழைய கிணறு. வளவின் வடக்கு ஓரத்தில், மைதானத்தைப் பார்த்த மாதிரி.

பத்தொன்பது வருடமாக நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மதகு வரைகிறேன். மதகில் யாரும் படவரைஞர் பெயரை எழுதுவதில்லை. ஆடு படுத்திருக்கும். இந்த வேலைக்குக் கூலி கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டேன்: தாளின் மூலைக் கட்டத்தில் "வரைந்தவர்: அ. கபூர்". வாசல் கல்லிலும் அதே வரி. கட்டடக் குழுத் தலைவர், அரிசி ஆலை சுலைமான் ஹாஜியார், நெஞ்சில் கைவைத்து ஓம் என்றார்.

இனி அவரை ஹா. என்றே எழுதுகிறேன். மை மிச்சம்.

16 மே, ஞாயிறு

குழுக் கூட்டம், ஆலைக் கந்தோரில். உமித்தூசு. ஹா. என் பிளானைத் தலைகீழாகப் பிடித்து ஐந்து நிமிடம் பாராட்டினார்.

"எல்லாம் சோக்கா இரிக்கி கபூர். ஆனா இது ஏன் றோட்டுக்கு விலாவைக் காட்டிக்கிட்டு நிக்கிது?"

"மைதானத்தப் பாக்குது ஹாஜியார். விளையாடுற பொடியன்மார் நேரே இறங்கணும்."

"விளையாடுறவன் எப்பிடியும் இறங்குவான். பஸ்ஸுல போறவன் பேர வாசிக்க வேணாமா?"

பேர் என்பது "சுலைமான் ஹாஜியார் பயிற்சி மண்டபம்". வாசலுக்கு மேலே, இரண்டு அடி எழுத்தில். முதன்முறையாக இன்றுதான் கேள்விப்படுகிறோம். எல்லோரும் கவனமாகத் தேநீர் குடித்தார்கள்.

திருப்பினால் முழுவதையும் மறுபடி வரைய வேண்டும், ஒரு கிழமை தாருங்கள் என்றேன்.

"ஒரு கிழமையா! கட்டின வீட்டையா திருப்பச் சொன்ன? தாளத்தானே திருப்பச் சொல்ற!"

ஹாவின் தங்கை மகன் இர்ஷாத் மூலையில் இருந்தான். சவூதியில் இரண்டு வருடம். போகும்போது ஸ்டோர்கீப்பர், வரும்போது எஞ்சினியர். விமானத்தில் படித்திருக்க வேண்டும். "தாங்க மாமா, நான் திருப்பித் தாறன். சின்ன வேல" என்றான். தாளை விட்டுவிட்டு வந்தேன்.

மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

21 மே, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், அறிவிப்புப் பலகையில் பிளானின் நீலப்படி. சுற்றிக் கூட்டம். மூலைக் கட்டத்தில்: "வரைந்தவர்: எஞ்சினியர் இர்ஷாத்".

மீன்கடை மஜீத் என் தோளில் தட்டினான். "பாத்தீங்களா காக்கா, எப்பிடிக் கீறியிரிக்கான் பொடியன்! ஒங்கட கந்தோர்ல இப்பிடி ஓராள் இரிக்கா?"

இல்லை என்றேன்.

ஹாவைப் படியில் பிடித்தேன். கல்லில் இரண்டு பெயருக்கு இடம் காணாதாம். பொடியனுக்குக் கலியாணம் பேசுகிறார்களாம், ஒரு பேர் வேண்டுமாம். "ஒனக்கென்ன கபூர்? அல்லாஹ்ட ஏட்டுல எழுதியிரிக்கும்."

வீட்டில் இறைச்சிக் கறி. ருசி தெரியவில்லை. ஆயிஷா உப்புக் கூடிவிட்டதா என்று மூன்று தரம் கேட்டாள்.

22 மே, சனி

கந்தோருக்கு ஒரு பிரதி வேண்டும் என்று பொய் சொல்லி மூலத்தாளை வாங்கி வந்தேன். சன்னலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். பிளேடால் சுரண்டிய இடம் தாளில் மங்கிக் கிடக்கும். புது மை அங்கே மயிர்விட்டுப் பரவும். அவன் பெயருக்குக் கீழே என் பெயர் இன்னும் சாயலாக இருக்கிறது. "பூர்" தெளிவாக.

இன்னொரு இடமும் சுரண்டியிருந்தது. வடக்கு காட்டும் அம்பு.

பார்த்துக்கொண்டே இருந்தேன். அறை, சுவர், குழாய், ஒரு கோடும் அவன் மாற்றவில்லை. அம்பை மட்டும் அழித்து, கால் வட்டம் திருப்பி வரைந்திருக்கிறான். கட்டடத்தைத் திருப்புவதைவிட உலகத்தைத் திருப்புவது இலேசு என்று கண்டுபிடித்த முதல் எஞ்சினியர்.

அப்படியானால் கட்டடம் இப்போது றோட்டைப் பார்க்கும், மைதானத்துக்கு விலா. அப்படியானால், தெற்குப் பார்க்க நான் வைத்த கக்கூஸ் கோப்பை மூன்றும்?

மேற்கு. நேரே கிப்லா.

23 மே, ஞாயிறு

பென்சிலை எடுத்தேன். வைத்தேன்.

இந்த ஊரில் சின்னப் பிள்ளைகூட வேலியோரம் குந்துமுன் மேற்கு எங்கே என்று பார்க்கும். தொழுகிற திசைக்கு அந்த நேரத்தில் முகமும் காட்டுவதில்லை, முதுகும் காட்டுவதில்லை. கஃபா இருக்கும் நாட்டிலேயே இரண்டு வருடம் இருந்தவனுக்கு அது எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் என்று நினைவு வரவில்லை.

நான் சொன்னால்: அவன் திருத்துவான். ஹா. "நல்லவேளை" என்பார். அவன் பேர் கல்லில் ஏறும்.
நான் சொல்லாவிட்டால்: அவன் பேர் கல்லில் ஏறும். அதோடு மற்றதும்.

நாலு பக்கமும் சுவர் இருந்தால் பாதகமில்லை என்று கிதாபில் ஒரு சொல் உண்டு. தேடி வாசித்து வைத்துக்கொண்டேன், என் மன நிம்மதிக்காக. ஊரின் நிம்மதிக்கு அது போதாது என்பதும் தெரியும்.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "எல்லாம் சரியா இரிக்கா காக்கா?" என்றான் இர்ஷாத். வடிவாக இருக்கிறது என்றேன்.

13 ஜூன், ஞாயிறு

அடிக்கல். ஹா. புதுச் சாரம், அத்தர். இர்ஷாத் கறுப்புக் கண்ணாடி.

சிவராசா வந்து, "அண்ணே, வாசல் அந்தப் பக்கமாம். அப்ப நாங்க மைதானத்துக்குச் சுத்தி வரணுமா?" என்றான்.

"ஓட்டப் பயிற்சி" என்றேன்.

சிரித்தான். நல்ல பொடியன். அவனுக்கு நான் செய்வது சரியில்லை. குறித்து வைக்கிறேன், அவ்வளவே.

4 ஜூலை, ஞாயிறு

நோன்பு. தலையிடி. பழிவாங்கும் எண்ணம் நோன்பை முறிக்குமா என்று கையில் உள்ள கிதாபுகளில் தேடினேன். வாந்தி, இரத்தம் எல்லாம் இருக்கிறது. இது இல்லை.

8 ஆகஸ்ட், ஞாயிறு

கச்சான் காற்று மூன்று நாளாக. மேற்கிலிருந்து அனல். கொடியில் உடுப்பு பத்து நிமிடத்தில் காய்ந்து அப்பளம்.

மேசன் அலியார் பாஸ் வேலைத்தலத்திலிருந்து நேரே வந்தார். கையில் சீமெந்து.

"காக்கா, ஒரு சந்தேகம். கோப்பை மூண்டும் மேக்கப் பாத்து வருகுது."

"பிளான்ல எப்பிடி இரிக்கி?"

"பிளான்ல அப்பிடித்தான் இரிக்கி."

"பிளான்ல யாருட பேர் இரிக்கி?"

"இர்ஷாத் எஞ்சினியர்ட."

"அப்ப அவரிட்டக் கேளுங்க."

"கேட்டன். மேசன் மேசன்ட வேலையப் பாக்கட்டும் எண்டாரு."

"அப்ப பாருங்க."

படலை வரை போய் நின்றார். "ஒங்களுக்கு இது முந்தியே தெரியும், என்ன காக்கா?"

பிளேன்டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடிக்காமல் போனார்.

29 ஆகஸ்ட், ஞாயிறு

திறப்புவிழா அழைப்பு வந்தது. கெட்டித் தாள். ஹாவின் பெயர் நான்கு இடத்தில், இர்ஷாத் இரண்டு, அணியின் பெயர் ஒன்று. நான் "அன்புடையீர்" என்ற இடத்தில்.

மனதில் ஒத்திகை பார்க்கிறேன். பெரிய மௌலவி துஆ ஓத வருவார். வயது எழுபதுக்கு மேல், நீரிழிவு. கால் மணிக்கு ஒரு தரம் போகிற ஆள். ஒலிபெருக்கி இருக்கும். பெண் வீட்டாரும் வருவார்களாம்.

ஆயிஷா: "இஞ்ச பாருங்க, என்ன தனியாச் சிரிக்கிறீங்க?"

சேர்ட்டுக்குப் பொத்தான் தைக்கச் சொன்னேன்.

12 செப்டம்பர், ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

நாலரைக்குத் தொடக்கம். இருநூறு பேர் இருக்கும். அணி வெள்ளைச் சட்டையில் வரிசையாக, சிவராசா முன்னால். நான் மூன்றாம் வரிசை, நல்ல இடம். ஹா. பேசினார், தன் வாப்பாவின் முதல் மாட்டுவண்டியிலிருந்து. மௌலவி இரண்டு தரம் நெளிந்தார். பிறகு எழும்பிப் பின்னால் போனார்.

போன வேகத்தில் திரும்பினார். மேடைக்கு வந்து ஹாவின் காதில்தான் சொன்னார். ஆனால் ஹா. ஒலிவாங்கியைக் கையில் வைத்திருந்தார்.

"ஹாஜியார், உள்ளுக்க எல்லாம் கிப்லாவப் பாத்தல்லவா வெச்சிரிக்கி!"

ஊர் முழுக்கக் கேட்டது. கடலில் நின்றவனுக்கும் கேட்டிருக்கும். யாரோ "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார். யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றினார். இர்ஷாத் கண்ணாடியைக் கழற்றிச் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்தான். பெண்ணின் வாப்பா அவனைப் பார்த்தார்.

நாலு மாதம் இந்த நிமிடத்துக்காக இருந்தேன். நினைத்ததைவிட இனிப்பாக இருந்தது. எழுத வெட்கமில்லை.

ஹா. தொண்டையைச் செருமினார்.

"ஜமாஅத்தாரே. ஒரு உண்மையச் சொல்லத்தான் வேணும். இந்தப் பிளான் எங்கட மருமகன் கீறினதில்ல. இது முழுக்க நம்மட கபூர்ட கைவேல. ஒரு கோட்டக்கூட நாங்க மாத்தல்ல. பேர் போட வேணாமெண்டு சொன்ன மனிசன். அவ்வளவு பணிவு. அதுக்காக அவர்ட பேர மறைக்கிறது பாவம். எழும்புங்க கபூர், எல்லாரும் பாக்கட்டும்."

இருநூறு தலை திரும்பியது.

எழும்பினேன். அம்பைத் திருப்பினார்கள், பிளேடால் சுரண்டினார்கள், மே மாதமே கண்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். மே மாதமே. ஓரத்தில் அலியார் பாஸ் கைகட்டி நின்றார். என்னையே பார்த்தார். நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

உட்கார்ந்தேன்.

13 செப்டம்பர், திங்கள்

கந்தோரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் அன்பாக இருந்தார்கள். அதைவிட அடித்திருக்கலாம்.

மீன்கடையில் மஜீத்: "காக்கா, கபூர் கக்கூசு எப்ப திறக்கிற?"

ஆயிஷா: "பேர் பேர் எண்டு நிண்டீங்க. வந்திட்டுது. இனித் தின்னுங்க."

சிவராசா மாலையில் வந்தான். மூன்றையும் பூட்டிவிட்டார்களாம். மறுபடி கடற்கரை. "எங்கட ஆக்களுக்கு எந்தப் பக்கமும் சரிதான் அண்ணே, திறப்பையாவது தரச் சொல்லுங்க" என்று சிரித்தான். பிறகு சிரிக்காமல், "அந்தக் கிணத்துத் தண்ணியத்தான் குடிக்கிறம். பக்கத்திலதான் கக்கூசுக் குழி வெட்டியிரிக்கி. அது பிரச்சினையில்லையா?" என்றான்.

அவன் போன பிறகு நீலப்படியை எடுத்துப் பார்த்தேன். குழியை நான் கிழக்கே, கடல் பக்கம் வைத்திருந்தேன். திருப்பியதில் அது தெற்கே வந்து கிணற்றடியில் நிற்கிறது. கிணறு திரும்பாதே. நாலு மாதம் கோப்பையை மட்டுமே பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை. ஒரு நாள்கூட.

கதவு பூட்டிக் கிடப்பதால் தண்ணீர் தப்பியது. என்னால் அல்ல.

15 செப்டம்பர், புதன்

கச்சான் ஓயவில்லை.

இர்ஷாத் மூலத்தாளோடு வந்தான். வெறும் கண். கலியாணப் பேச்சு நின்றுவிட்டதாம். கோப்பையைத் திருப்பி, எல்லாம் சரியாக வரைந்து தரட்டாம். உடனே வேண்டுமாம். "ஒங்கட பேரப் பெரிசாப் போடச் சொன்னார் மாமா. கல்லும் வேற வெட்டுறாராம். நீங்க கீறித் தாறதுல ஒரு கோடும் மாத்த மாட்டமெண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டார்."

அவனுக்குப் பிளேன்டீ கொடுத்தேன். குடித்தான்.

புதுத் தாள். அம்பை முதலில் வரைந்தேன், வடக்கே வடக்கு. கோப்பை மூன்றும் தெற்குப் பார்க்க. மைதானப் பக்கம் ஒரு வாசல், பொடியன்மாருக்கு. குழி இடம் மாற வேண்டும். கிணற்றிலிருந்து ஐம்பது அடி, சட்டம். தெற்கே கிணறு. வடக்கே அடுத்தவர் வேலி. கிழக்கே, முதலில் நான் குழி வைத்த இடம்வரை, மைதானத்தை நீட்டிக் கோடு போட்டுவிட்டார்கள். மிச்சம் மேற்கு, றோட்டுப் பக்கம். ஐம்பது அடியை நாடா பிடித்தது போல அளந்தேன். முன்வாசலுக்கு நேரே வருகிறது. இரண்டு அடி எழுத்துக்கு நேர் கீழே. காற்றுக்குழாய் எட்டடி உயரம், அதுவும் சட்டம்தான். "ஹாஜியார்" என்பதில் முதல் எழுத்தை மறைக்கும். வருடத்தில் மூன்று மாதம் கச்சான் வாசலைப் பார்த்து அடிக்கும்.

மூன்று தரம் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. வேறு இடமும் இல்லை.

மூலைக் கட்டத்தில் பெயர் எழுதினேன். பெரிதாக.

மின்விசிறி போட வேண்டாம் என்று ஆயிஷாவிடம் சொல்லியிருக்கிறேன். மை காய வேண்டும்.