ஹேசோங்கின் நினைவு ஆராதனையில் நான் சொன்ன ஜெபம்

குன்சான்
ஜனவரி 19

அன்புள்ள மகள் யூரிமுக்கு,

அப்பா எழுதுவது. ஹாம்பர்க்கில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் உண்கிறோம், உறங்குகிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதலாமா என்பது எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் முழங்கால் வலி சற்றே குறைந்திருக்கிறது. விடியற்கால ஜெபத்துக்குப் பனியிலும் நடந்தே போகிறாள். நான் போவதில்லை.

உன் தம்பியின் முதலாண்டு நினைவு ஆராதனை சென்ற சனிக்கிழமை நம் வீட்டில் நடந்தது. குடும்பத் தலைவன்தான் ஜெபிக்க வேண்டும் என்பது முறை. அதற்கு முன்பே போதகர் என்னை அழைத்து, "மூப்பரே, நீங்க வாய் திறந்து நன்றி சொல்லி ஜெபிச்சா சபைக்கே பெலமா இருக்கும்" என்றார். பனி உறைந்த பாலத்தில் பிள்ளையின் வண்டி சறுக்கியதற்கு யாருக்கு, எதற்காக நன்றி என்று கேட்டேன். ஆண்டவரின் திட்டம் நமக்குப் புரியாது என்றார். புரியாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். புரியாத ஒன்றுக்கு நன்றி சொல்லச் சொல்வதுதான் விளங்கவில்லை. "சபைக்கு உரம் போடவா என் பையன் செத்தான்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். குரலை உயர்த்தவில்லை.

சனிக்கிழமை சபையார் வந்து அமர்ந்தபோது, ஹேசோங்கின் படத்துக்கு முன்னால் உன் அம்மா ஒரு கிண்ணம் சோறும் கிம்ச்சிக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள், கரண்டியோடு. மகளிர் சங்கத்து ஓக்-சூன் அம்மையார் பதறிப்போய், "ஐயய்யோ யூரிமம்மா, இது செத்தவங்களுக்கு வைக்கிற படையலாச்சே! மூப்பர் வீட்லயே இப்படின்னா ஊரு சிரிக்காதா?" என்றார். உன் அம்மா நிதானமாக, "படையலும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. அன்னைக்குச் சாப்பிடாமப் போயிட்டான். அவ்வளவுதான்" என்றாள். உபதேசத்தின்படி ஓக்-சூன் அம்மையார் சொன்னதுதான் சரி. நானும் அதையே போதித்தவன். ஆனாலும், "கிண்ணம் அங்கயேதான் இருக்கும். பிடிக்காதவங்க கிளம்பலாம்" என்றேன். எவரும் கிளம்பவில்லை. இறுக்கத்தைத் தளர்த்த எண்ணிய சபை உதவிக்காரர் பாங், "மூப்பரே, உங்க ஜெபம் எவ்வளவு நீளம்னு எங்களுக்குத் தெரியும், குழம்பு ஆறிடப் போகுது" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். அவர்மீது மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

எழுந்து நின்றேன். "ஆண்டவரே, ஹேசோங்" என்றேன். அதற்கு மேல் நன்றியும் வரவில்லை, குற்றச்சாட்டும் வரவில்லை. எல்லோரும் கண்களை மூடிக் காத்திருந்தார்கள். போதகர் ஒருமுறை இருமினார். அப்போது உன் அம்மா, ஜெபம் முழுவதும் முடிந்துவிட்டது போல, தெளிவாக "ஆமென்" என்றாள். வேறு வழியின்றி எல்லோரும் சொன்னார்கள்.

நான்கு நாட்களாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். விலக்கப்பட்டதைச் செய்தவள் நிம்மதியாக ஜெபிக்கிறாள். ஒன்றையும் மீறாத என்னால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அன்று நான் சொன்னது ஜெபந்தானா என்று அவளிடமே கேட்டேன். "ஆண்டவருக்கும் ஒரு பிள்ளை செத்துருக்கான், உங்களுக்கு என்ன வேணும்னு அவருக்குத் தெரியாதா? தலையணையைச் சரியா வச்சுக்கிட்டுப் படுங்க" என்றாள். இது ஆறுதலா, ஏச்சா என்று பிரித்தறிய என் படிப்பு உதவவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது. போதகரின் விளக்கத்தைப் போல ஒன்றானால் எழுத வேண்டாம்.

குளிரில் கையுறை இல்லாமல் வெளியே போகாதே. சாலையில் பனி உறைந்திருந்தால் ரயிலிலேயே வேலைக்குப் போ, தாமதமானால் ஆகட்டும். ஆண்டவர் உன்னைக் காப்பாராக என்று உன் அம்மா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். அந்த வரியைக் கோடிட்டு அடிக்கவில்லை.

உன் அப்பா,
தாக் இன்-சோப்