ஒருவேளை அப்படி ஒரு தாள் இருந்தாலும்

கோர்ட்டுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இன்று ஒரு அம்மா என் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், பின்பக்கமும் எழுதியிருக்கு. அதையும் எடுக்கணுமா?" என்று கேட்டார். சூடான தாளின் வாசனை மூக்கில் ஏறியது. அன்றைக்கு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நீ கெட்ட பெயரோடு போயிருக்க மாட்டாய்.

திருவானைக்காவல் வீட்டு வழக்கு. அண்ணனுக்கு நீ வக்கீல், தங்கைக்கு நான். காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து உன் ஸ்கூட்டரில் ஒன்றாகக் காவிரிப் பாலம் தாண்டி வருவோம். கட்சிக்காரர்கள் நம்மைச் சேர்த்துப் பார்க்க வேண்டாமென்று கோர்ட்டுக்கு முன்னாலேயே என்னை இறக்கிவிடுவாய். "நடந்து வாடா, தொப்பையாவது குறையும்" என்பாய்.

அந்தத் தங்கைக்கு ஒரு வழக்கம் இருந்தது. என்னிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால், கையில் கிடைக்கும் வீட்டு வரி ரசீது நகலின் பின்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுவார். நம் கட்சிக்காரர்கள் பலர் அப்படித்தான். ஆவண நகல்களை உங்கள் தரப்புக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்து அடுக்கினேன். கடையில் இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். என்னை நம்பி அவர் எழுதிய பக்கம் உன் மேஜைக்கு வந்தது. அதிலிருந்த ஒரு வரி போதும், வீடு அண்ணனுக்குப் போயிருக்கும். அது என்ன வரி என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

மறுநாள் வராந்தாவில் அந்தத் தாளை மடித்து என் கோட்டுப் பையில் வைத்தாய். "இது உங்க வீட்டுப் பேப்பர்டா. என்னன்னு புரிஞ்சதும் படிக்கிறதை நிறுத்திட்டேன்" என்றாய். அதோடு விட்டிருக்கலாம். தவறி வந்த ஒரு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று உன் கட்சிக்காரரிடமும் போய்ச் சொன்னாய். "கூட்டாளிக்காக என் தலையில கல்லைப் போட்டுட்டீங்களே" என்று கத்திவிட்டு அவர் வேறு வக்கீலை வைத்துக்கொண்டார்.

புது வக்கீல் அந்தத் தாளைத் தாக்கல் செய்யச் சொல்லி மனு போட்டார். நீ எங்கள் பக்கம் விலைபோய்விட்டதாகவும் அதில் எழுதியிருந்தார். நான் தங்கையிடம் கெஞ்சினேன். தாள் போனது, பழைய வக்கீல் நாணயமாகத் திருப்பித் தந்தார் என்று மட்டும் எழுத விடுங்கள் என்றேன். அவர் அழுதார். "வேணாம் சார். பேப்பர் இருக்குன்னு ஒத்துக்கிட்டா, அதுல என்னன்னு தோண்டுவாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்குப் போக வேற இடம் இல்லைங்க."

ஆகவே பதிலில் இப்படி எழுதினேன்: 'ஒருவேளை அப்படி ஒரு தாள் இருந்தாலும், அது வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலானது, அதைக் கேட்க மனுதாரருக்கு உரிமையில்லை.' மனு தள்ளுபடியானது. தங்கை இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்.

தவறி வந்ததைத்தான் திருப்பிக் கொடுத்தாய் என்று சொல்ல ஆளில்லாமல், அந்த 'ஒருவேளை' உன்னைப் பொய்யனாக்கியது. எழுதும்போதே எனக்கு அது தெரியும். டீக்கடையில் நீ கோபப்படக்கூட இல்லை. "நானா இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பாதி டீயோடு எழுந்து போனாய். மறுநாள் உன் ஸ்கூட்டர் என் வாசலுக்கு வரவில்லை. உன்னைத் தேடி வந்த வழக்குகளும் ஒவ்வொன்றாக நின்றன. நீ எதிரே வந்தால் வணக்கம் மட்டும் சொல்வேன். வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் உன் கருமாதி முடிந்து கிளம்பும்போது உன் மனைவி வாசல்வரை வந்தார்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அப்படி ஒரு பேப்பர் இருந்துச்சா? இவர் உங்ககிட்ட கொடுத்தாரா?"

நான் படியிறங்கினேன்.

"இவர்கிட்ட கேட்டா, 'அதை அவன்தான் சொல்லணும்'னார்."

செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் உள்ளே போனார்.

அவரிடம் சொல்லாத 'ஆமாம்' இன்னும் என்னிடமே இருக்கிறது. தாள் இருந்தது. நீ கொடுத்தாய். எல்லாம் தெரிந்த உன்னிடம் மட்டும்தான் இதை என்னால் சொல்ல முடிகிறது.