கறுத்த மீனும் என் ஒரு பிடி பொரியும்

என்னை வாயாடி என்று கூப்பிட்டுக்கொண்டே என் வாய்க்கு மட்டும் பயந்த என் அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்றுத்தான் திதி கொடுத்தோம். வந்தவர்கள் எல்லோரும் உன் நல்ல குணங்களையே அடுக்கினார்கள். உன் பிடிவாதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்தான், நீ மீன் வாங்கி வந்த கதையைச் சொன்னேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? மூர் மார்க்கெட்டில் நாலு குஞ்சு வாங்கி, பாலிதீன் பையில் தண்ணீரோடு மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பென்னலூர் வரை கொண்டுவந்தாய். தங்கமீன் என்றாய். எட்டிப் பார்த்தால் நாலும் சேற்று நிறம். "இன்னாண்ணா, கெண்டைக் குஞ்சைப் போய் காசு குடுத்து வாங்கினு வந்துகீறே. செம்பரம்பாக்கம் ஏரியில துண்டு விரிச்சா ஓசியில கெடைக்குமே" என்றேன். "பொறு, கலர் வரும்" என்றாய். பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஆங்கிள் கம்பிகளில் நீயே சட்டம் அடித்துக் கண்ணாடி பொருத்திய தொட்டியில் அவற்றை விட்டாய்.

சில மாதங்களில் ஒவ்வொன்றாக வயிற்றுப் பக்கமிருந்து மஞ்சளாகி, பிறகு உடம்பெல்லாம் செக்கச் செவேலென்று ஆயின. நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டியைத் தாண்டும்போதெல்லாம் என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமினாய், அவ்வளவுதான். அதுவே எனக்குப் போதுமான அவமானமாக இருந்தது.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன மூன்றாம் நாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். உன் மீன்கள் கண்ணாடியில் மூக்கை இடித்து இடித்து ஆளைத் தேடின. எனக்குப் பொறுக்கவில்லை. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டால் புண்ணியம் என்று போட்டே வளர்ந்த கை இது. அந்தப் புண்ணியம் உனக்குச் சேரட்டும் என்று ஒரு பிடி பொரியை அள்ளித் தொட்டியில் போட்டேன். அதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா ஒரு பிடி போட்டாள். பிறகு உன் சிநேகிதர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் உன் படத்துக்குப் பூ, தொட்டிக்குப் பொரி என்று ஒரு வழக்கமே ஆகிவிட்டது.

குளம் தாங்கும். மூன்றடித் தொட்டி தாங்குமா? ஞாயிறு தவறாமல் நீ பாதித் தண்ணீரை மாற்றுவாய் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில் இல்லை. தண்ணீர் கஞ்சியாகக் கலங்கி நாற்றம் எடுத்த பிறகுதான் மாற்றினோம். அதற்குள் இரண்டு மீன்கள் செத்துவிட்டன.

மிச்சம் இருந்த இரண்டில் ஒன்று நாளுக்கு நாள் வெளுத்தது. மற்றதற்கு முதுகிலும் வால் ஓரத்திலும் கரி பூசினாற்போல் கறுப்பு. அண்ணி அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். தண்ணீருக்குப் போகிற பெண்கள் எட்டிப் பார்த்து, இவள் ராசி என்று உச்சுக் கொட்டுவதை அவளால் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உனக்குப் பதிலாக அண்ணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை தருகிறார்கள், மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். சேரப்பணஞ்சேரியிலிருந்து அவள் அண்ணன் வந்து, "வேலயும் வேணாம், ஒண்ணும் வேணாம். நம்ம வூட்டுக்கு வந்துடும்மா" என்றார். பாசத்தில்தான் சொன்னார். ஆனால் அங்கே போனால் மிச்ச ஆயுசுக்கும் அடுப்படியில் ஒரு மூலைதான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அண்ணன் கூடவே போறேன் ஜெயா" என்றாள் அண்ணி. "அவரு ஆசையா வளத்த மீனைக்கூட என்னால காப்பாத்த முடியல. ரெண்டு செத்துப்போச்சு. ஒண்ணு வெளுத்துக்கினே போவுது, ஒண்ணு கறுத்துக்கினே போவுது. என் ராசி அப்படி. நான் போயி அந்தக் கம்பெனிக்கு இன்னா ஆவணுமோ."

பொரியை ஆரம்பித்து வைத்தது நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மனசுக்குள் அந்தச் சந்தேகம் அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஊரையே அடக்குகிற என் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. ஏன் அண்ணா, நான் அவ்வளவு கோழையா?

மறுநாள் இரண்டு பஸ் மாறி மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். கறுப்பைப் பற்றிக் கேட்டதும், "தண்ணி கெட்டுப் போச்சா?" என்றார். பொரிக் கதையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"பொரி அழுகி, அந்தத் தண்ணி மீனு ஒடம்பை எரிச்சுகீது. இப்ப நல்ல தண்ணி மாத்துனீங்க இல்ல, புண்ணு ஆறிக்கினு வருது. ஆறுற எடம்தாம்மா கறுக்கும். கொஞ்ச நாள்ல தானா போயிடும்."

"அப்ப அந்த வெளுத்த மீனு?"

"வூட்டுல வெளிச்சம் உண்டா?"

"ஜன்னல் சாத்திக் கீது."

"தொறந்து வையி. இருட்டுல வெச்சா கலரு எறங்கிடும். சிலதுக்கு வயசானாலும் வெளுக்கும். திரும்ப வந்தாலும் வரும், வராட்டியும் வெள்ளையாவே நல்லா இருக்கும். கலரே மாறாத மீனு வேணும்னா பொம்மைக் கடையில போயி கேளு."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அண்ணி, உன் ராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மொதப் பிடி பொரிய போட்டது நான்" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "இத்தினி நாளா ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். மீன்காரர் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். இருவரும் அழுதோம். நீ போன அன்றுகூட நாங்கள் சேர்ந்து அப்படி அழவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆறுதுன்னா சொன்னாரு?" என்று மறுபடி கேட்டாள்.

"ஆமா அண்ணி. ஆறுதுன்னுதான் சொன்னாரு."

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். துருப்பிடித்த கொண்டி சுலபத்தில் வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துதான் தட்டினோம். தெருவில் குடத்தோடு போன ஒருத்தி நின்று, "இன்னாம்மா, ஜன்னல் தொறந்துகீது?" என்றாள். "மீனுக்கு வெளிச்சம் வேணுமாம்" என்று அண்ணி பதில் சொன்னாள். அவள் தெருவோடு பேசி அன்றைக்கு நாற்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது வேலையில் சேர்ந்துவிட்டாள் அண்ணா. முதல் வாரம் தினமும் அழுதுகொண்டுதான் வந்தாள். இப்போது சூப்பர்வைசரையே கேள்வி கேட்கிறாளாம். கறுப்பு முழுக்கப் போய்விட்டது, அந்த மீன் பழையபடி சிவப்பாக இருக்கிறது. வெளுத்தது வெளுத்தபடியே நின்றுவிட்டது. ஆனால் நன்றாகத் தின்கிறது, மற்றதைத் துரத்துகிறது. அண்ணிக்கு அதன்மேல்தான் தனிப் பிரியம்.

நேற்று திதிக்கு வந்த அவள் அண்ணன், பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போகச் சொன்னார். "இப்ப முடியாதுண்ணா, அடுத்த வாரம் செகண்ட் ஷிஃப்ட்டு" என்றாள். அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் என்று நீ கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் வந்தவர்களில் ஒருத்தி தொட்டியைப் பார்த்துவிட்டு என் காதில், "நாலு இருந்துச்சே, அவ ராசிக்கு ரெண்டுதான் நின்னுச்சா?" என்றாள். ஒரு வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அண்ணியிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு, ஊரை அதன் போக்கில் பேச விட்டுவிட்டேன். அது என் தப்பு.

அதனால்தான் உனக்கு எழுதுவதை ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். அந்த இரண்டு மீன்களைக் கொன்றது அண்ணியின் ராசி இல்லை, என் கை. இனிமேல் அவள் முன்னாலோ பின்னாலோ ராசி என்ற பேச்சை எவர் எடுத்தாலும், இதை அவர் முகத்துக்கு நேரே சொல்வேன். இது உன்மேல் சத்தியம் அண்ணா.

அண்ணிக்குத் துணையாக இருக்கும்,
உன் தங்கை ஜெயா