மீரிக் காட்டில் என்னைக் கூப்பிட்ட அண்ணனுக்கு

என் ஆசை அண்ணனே,

நீ விழுந்த கடலைப் பார்த்துவிட்டேன். என் மகள் எஸ்தருக்கு மலேசியாவின் மீரியில் வேலை கிடைத்ததிலிருந்தே அங்கே போகவேண்டும் என்றிருந்தது. தூத்துக்குடிக்கு மரம் ஏற்றிவந்த, நீ வேலைபார்த்த கப்பல், அந்தக் கரையோரத்தில்தானே உன்னைத் தவறவிட்டது? உடம்பு கிடைக்கவில்லை. அதனால் மதினி இன்றுவரை உனக்கு ஒரு ஜெபக்கூட்டம்கூட வைக்கவிடவில்லை. மில்லர்புரம் வீட்டில் யாராவது "செத்துப்போன" என்று வாயெடுத்தால், எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறாள்.

கடற்கரையில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அண்ணா. அழக்கூட வரவில்லை. மறுநாள் எஸ்தர் என்னை அங்குள்ள மழைக்காட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள். சூலா என்ற இபான் பழங்குடிப் பெண் வழிகாட்டியாக வந்தாள். பனையும் உடைமரமும் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் காட்டில் மூச்சு முட்டியது. நடுப்பகலிலும் பலகைப் பாதையில் வெயில் விழவில்லை. வண்டுகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் அந்த இரைச்சல் சட்டென்று நின்றது.

"ஏளா செல்வீ!"

மரங்களுக்குப் பின்னாலிருந்து உன் குரல். என்னை அப்படி இழுத்துக் கூப்பிட உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சூலா பாய்ந்துவந்து என் வாயைப் பொத்தினாள். அவள் சொன்னதை எஸ்தர் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"எம்மா, பதில் குடுத்திராத. காட்டுக்குள்ள யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் பேசப்பிடாதாம். பேசுனா கூடவே போயிருவமாம்."

"ஒனக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. மாமா மாதிரியே."

என்னை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். நீ மறுபடியும் கூப்பிட்டாய், இன்னும் கிட்டத்தில்.

அங்கிருந்து சூலாவின் சொந்தக்காரர்கள் வாழும் நீளவீட்டுக்குப் போனோம். ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் குடும்பங்கள், எல்லாக் கதவுகளுக்கும் முன்னால் நீண்டு கிடக்கும் ஒரே கூடம். பழைய காலத்துச் சண்டையில் வெட்டிய தலைகளின் ஓடுகள் புகையேறிக் கறுத்து, உத்திரத்தில் தொங்கின. வீட்டுக்காரி பாய் விரித்துக் காப்பி கொண்டுவந்தாள். ஒரு கோப்பை அதிகம். அதை என் பக்கத்தில், ஆளில்லாத இடத்தில் வைத்தாள். எஸ்தர் ஏனென்று கேட்டாள். பிறகு என் காதருகே குனிந்து சொன்னாள்.

"ஒங்கூட வந்தவருக்குன்னு சொல்லுதாம்மா. ரொம்ப நனைஞ்சிருக்காராம், துண்டு வேணுமான்னு கேக்கா."

அன்று மழையே இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீதானா, அண்ணா? குளிர்ந்ததா உனக்கு? கோப்பையை மட்டும் உன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஊருக்கு வந்து மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனியாவது நீ இல்லை என்று நம்பி அழுவாள் என நினைத்தேன். அவள் அழவில்லை.

"கூப்பிட்டது அவியதானா?"

"ஆமா மதினி."

"அப்ப நீ ஏன் பதில் சொல்லல?"

மதினி உடனே பாஸ்போர்ட்டுக்கு அலையத் தொடங்கினாள். அதுவும் வந்துவிட்டது. பெட்டியில் உன் சட்டையையும் நீ உடுத்தும் சாரத்தையும் மடித்து வைத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டால், "நனைஞ்சுல்லா நிக்காவ" என்கிறாள்.

தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. நானும் கூடப் போகிறேன். அந்தக் காட்டில் அவள் கையை ஒரு நிமிஷமும் விடமாட்டேன், இது சத்தியம். நீ எனக்காக ஒன்று மட்டும் செய். அவளைக் கூப்பிடாதே.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி