துரைக்கு அம்மாள்

பங்குனி 12, வியாழன்

காலையிலேயே கொளுத்தும் வெயில். என் சேவல் துரையின் கூடு கழுவினேன். ஞாயிறு மு.ப. 9 மணிக்குக் கோழிக் கண்காட்சி, யாழ்ப்பாணத்தில். வெள்ளைச் சில்கி இனச் சேவல் பிரிவு.

இறகெல்லாம் பஞ்சு, காலிலும் பஞ்சு. பறக்கத் தெரியாது. மனைவி சரசு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "உங்கடை பஞ்சுமூட்டை" என்பாள். போன முறை அவளின் தம்பி சிவம் தன் பிரம்மா இனச் சேவலுக்குக் கண்காட்சியின் முதற்பரிசுக் கிண்ணம் வாங்கி, இன்றுவரை அதைப் பற்றித்தான் கதை. இந்த முறை அது எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் எழுதி வைக்கிறேன்.

பி.ப.: துரையின் சொண்டுக்கு மேல் மூன்று கறுத்த பொருக்கு. சரசு எட்டிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"அம்மாள் வந்திருக்கிறா."

"கோழிக்கும் அம்மை வருமோ?"

"மெல்லக் கதையுங்கோ. அவவுக்குக் கேக்கும்."

கூட்டுக்கு வேப்பிலை கட்டியாயிற்று. வீட்டில் மீன் இல்லை, தாளிதம் இல்லை. இரவு அவித்த கத்தரிக்காய்.

பங்குனி 13, வெள்ளி

மிருக வைத்தியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கண்ணாடி போட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தார். "அம்மை இல்லை ஐயா. மற்றக் கோழியள் கொத்தின காயம். பயமில்லாமல் கொண்டு போங்கோ. திங்கள் எல்லாத்துக்கும் ஊசி போடுவம்."

பெரிய நிம்மதி. சந்தோஷத்தில் துரைக்கு ஷாம்பு வாங்கச் சந்திக் கடைக்குப் போனேன். ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. திரும்பி வந்தால் முற்றத்தில் ஒரு மஞ்சள் சேவல்.

"என்னடியப்பா செய்தனீ?"

"டொக்டர் அம்மாள் இல்லையெண்டு சொன்னவரெல்லோ. அப்ப இறங்கிப் போட்டா. தண்ணி வார்த்தனான்."

வேப்பிலை, மஞ்சள், தலையிலிருந்து கால்வரை. ஷாம்புவின் மூடியைத் திறந்தேன்.

பங்குனி 14, சனி

செய்து பார்த்தவை:
ஷாம்பு, மூன்று தரம். இல்லை.
தேசிக்காய் பிழிந்து தேய்த்தது. இல்லை.
குழந்தைச் சவர்க்காரம். வாசம் மட்டும்.
வெயில். கொஞ்சம் வெளுத்தது என்று நினைத்தேன். என் கண் கூசியதுதான்.

துரை கோபத்தில் சாப்பிடவில்லை. சரசுவோடு நானும் கதைக்கவில்லை. அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

பி.ப. விண்ணப்பத்தைத் திரும்பப் படித்தேன். சில்கியில் மஞ்சள் நிறத்துக்கும் தனிப் பிரிவு உண்டு. பொய் சொல்ல மனம் கேட்கவில்லை. பிறகு கேட்டுவிட்டது.

பங்குனி 15, ஞாயிறு

சரசுவும் வந்தாள், கேளாமலே. பதியும் மேசையில், "நிறம்?" என்றார்கள்.

"மஞ்சள்."

முப்பது வருடம் தபாலதிபராக இருந்தவன் சொன்ன பொய். சரசு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நடுவர் புத்தூர்க்காரர். துரையைத் தூக்கினார், மணந்து பார்த்தார், சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து நனைத்து முதுகில் தேய்த்தார். லேஞ்சி மஞ்சள். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சிவம்தான் பெரிதாக. "அத்தான், அடுத்த முறை பச்சை நிறத்திலை கொண்டு வாங்கோ."

நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன். அப்போது சரசு முன்னுக்கு வந்தாள்.

"சிரியாதையுங்கோ. அம்மாள் வந்து தண்ணி வார்த்த பிள்ளை."

சிரிப்பு நின்றது. நடுவர் செருப்பைக் கழற்றினார். காயம்தான், டொக்டர் பார்த்தவர் என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. சிவத்தின் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், வீட்டுக்கு அம்மை வந்துவிடுமோ என்று பயம். பிரம்மாக் கூட்டைத் தூக்கிக்கொண்டு, தீர்ப்புக்கும் நில்லாமல் ஓடிவிட்டான். கிண்ணம் யாரோ ஒருவரின் பெட்டைக் கோழிக்குப் போனது. எனக்கு "தகுதியில்லை" என்று ஒரு துண்டுக் கடதாசி. துரையின் கூட்டில் யாரோ ஒரு மனுசி செவ்வரத்தம்பூ செருகிக் கும்பிட்டாள்.

ஓட்டோவில் கூடு சரசுவின் மடியில்.

"அத்தினை பேருக்கு முன்னாலை ஏன் சொன்னனீ?"

"பின்னை? துரையைப் பார்த்துச் சிரிக்க விடுறதோ?"

துரை என்றாள். மூன்று வருடத்தில் முதல் தரம்.

பங்குனி 16, திங்கள்

மேகமூட்டம். வைத்தியர் வந்து எல்லாக் கோழிக்கும் ஊசி போட்டார். கண்காட்சிச் சேவல் என்று துரைக்கு மட்டும் ஒரு தடுப்பூசி அட்டை. "சொந்தக்காரர் பேர்?" என்றார். என் பெயர் வாய்வரை வந்தது.

"சரஸ்வதி எண்டு எழுதுங்கோ."

சரசு அகப்பையோடு குசினி வாசலில் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அப்ப கூடு கழுவுறது ஆர்?"